விக் கடையும் துரத்தும் விளம்பரமும்

கம்ப்யூட்டர் கணக்குப்படி, அக்காவின் விக் கடை ஒரே வாரத்தில் ஊரிலுள்ள வழுக்கைகளில் பாதிக்குமேல் மூடிவிட்டது. கடைக்குள் மட்டும் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த அதிசயத்தைச் செய்தவன் தம்பி. வீட்டில் அவனைப் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று அக்கா வைத்த பெயர். வளர்ந்து, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தேவையில்லாத தொழிலுக்கு வந்து, இடுப்பில் இரண்டு சுற்றுச் சதையும் போட்ட பிறகும் பெயர் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கடையின் இணையதளத்தைக் கட்டியவன் அவன். விளம்பரம் போடுகிறவன் அவன். விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண டிராக்கர் வைத்தவனும் அவன்தான். அங்கேதான் சொதப்பினான்.

டிராக்கர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான்கைந்து வரி. தளத்தில் எந்தப் பொத்தானில் அதை ஒட்டுகிறோமோ, அந்தப் பொத்தானை யாராவது அழுத்தினால் 'ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார்' என்று விளம்பரக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும். தளத்துக்குள் நுழைந்ததும் ஒரு சின்னப் பெட்டி குதித்து வரும். அதில் 'அளவெடுக்க நேரம் வேண்டும்' என்று ஒரு பொத்தான். பெட்டியை மூடுவதற்கு மூலையில் ஒரு பெருக்கல் குறி. பசி வயிற்றைக் கிள்ளிய அவசரத்தில் பம்பரம் அந்த நான்கைந்து வரியையும் கொண்டுபோய்ப் பெருக்கல் குறியில் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

ஆக, எரிச்சலோடு பெட்டியை மூடியவர்களெல்லாம் விக் வாங்கியவர்களாகக் கணக்கில் ஏறினார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விளம்பரக் கம்பெனியின் கம்ப்யூட்டர் மகா புத்திசாலி. 'ஓகோ, இந்தக் கடைக்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் வேண்டும் போலிருக்கிறது' என்று தானாகவே புரிந்துகொண்டு, விளம்பரம் என்றாலே பல்லைக் கடிக்கிறவர்களாக, கண் போவதற்கு முன்பே விரல் பெருக்கல் குறிக்குப் போய்விடுகிறவர்களாகப் பார்த்து ஊர் முழுக்கச் சலித்தெடுத்துக் கொண்டுவந்து நிறுத்தியது. அவர்கள் வந்தார்கள், மூடினார்கள், போனார்கள். கம்ப்யூட்டர் பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம் பேரை இழுத்து வந்தது.

பூரித்துப்போன இன்னொருவர் மாமா. அக்காவின் கணவர். பகலெல்லாம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் கடைக் கணக்கு. மேலே ஏறுகிற கோடு எதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு நிறைந்துவிடும். ஏறுவது காய்ச்சலாக இருந்தாலும் ஒரு நிமிஷம் ரசித்துவிட்டுத்தான் மாத்திரை தேடுவார். அந்த வாரத்துக் கோட்டை அச்செடுத்து, பொம்மைத் தலைகள் வரிசையாக அடுக்கியிருந்த அலமாரிக்கு மேலே ஒட்டியும்விட்டார்.

பம்பரத்துக்குத் தவறு தெரிந்தபோது ஒட்டிய பசைகூடக் காயவில்லை.

"அக்கா, அது வாங்கினவங்க எண்ணிக்கை இல்லக்கா. மூடிட்டுப் போனவங்க எண்ணிக்கை. தப்பான எடத்துல ஒட்டிட்டேன்."

அக்கா வலைத் தொப்பியில் முடியை ஒவ்வொன்றாகக் கொக்கி ஊசியால் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்போ நம்மளப் பிடிக்காதவங்களா பார்த்துத் தேடித் தேடிப் பிடிச்சுட்டு வந்திருக்க."

"ஆமா."

"உனக்குப் பொண்ணு பார்த்தப்பவும் இதேதான்டா நடந்துச்சு."

மாமா சுவரைப் பார்த்தார். "அப்போ இந்த மலை?"

"அது எரிச்சல் மாமா. ஊர்க்காரங்க எரிச்சல்தான் அப்படி ஏறியிருக்கு."

மாமா ஸ்டூல் போட்டு ஏறிக் காகிதத்தைப் பிய்த்தார். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. இறங்கும்போது ஒன்றும் திட்டவில்லை. "இதெல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட விடணும் மச்சான்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்படித்தான் விளம்பர ஏஜென்சிக்காரர் வந்து சேர்ந்தார். கசங்காத சட்டை, கசங்காத சிரிப்பு. எதைக் கேட்டாலும் "நல்ல கேள்வி சார்" என்பார். அதற்குப் பிறகு நிறையச் சொல்வார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கேட்டவருக்குத் தான் என்ன கேட்டோம் என்பது மறந்திருக்கும். ஒரு மாதம் சோதனையாகச் செய்து பார்ப்பது, பிடித்திருந்தால் வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவது என்று பேச்சு. அவர் சொன்ன முதல் விஷயம், டிராக்கரை ஒரு பொத்தானில் மட்டும் வைத்தால் போதாது, தளத்தின் எல்லாப் பக்கத்திலும் வைக்க வேண்டும் என்பது.

"எல்லாப் பக்கத்துலயும்னா, ஃபார்ம் பக்கத்துலயுமா?" என்று கேட்டான் பம்பரம்.

"அதுதான் சார் முக்கியமான பக்கமே."

அந்த ஃபார்மை அமைத்தது அக்கா. அளவெடுக்க வருகிறவர்கள் பெயரும் நம்பரும் எழுதிவிட்டு, எதற்காக விக் வேண்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். சிகிச்சையில் முடி கொட்டிவிட்டது. பிறவியிலேயே இல்லை. தீக்காயம். என் முடியை நானே பிடுங்கிக்கொள்கிறேன். மேடையில் நடிக்கிறேன். சொல்ல விருப்பமில்லை. நேரில் கேட்டால் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயம். முன்னாடியே தெரிந்தால், புண்பட்ட தலைக்கு எந்த வலை, பிடுங்குகிற கைக்கு எந்தப் பிடிமானம் என்று அக்கா எடுத்து வைத்திருப்பாள். வந்து உட்கார்ந்தவர் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்காது.

"அந்தக் கட்டத்துல அவங்க எதுல டிக் போடறாங்கங்கறது உங்களுக்கு வருமா?"

"நல்ல கேள்வி சார். நாங்க தனிப்பட்ட ஆளா யாரையும் பார்க்கறதே இல்ல. சிஸ்டம் ஒரு கூட்டமாத்தான் பார்க்கும்."

"கூட்டத்துல டிக்கும் இருக்குமா?"

"எல்லாமே பாதுகாப்பா இருக்கும் சார். உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க."

பெருக்கல் குறிப் புகழ் பெற்ற ஒருவன் இதற்கு மேல் எதிர்க்கேள்வி கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று பம்பரத்துக்குத் தோன்றியது. சொன்னபடி ஒட்டினான். ஒட்டியதோடு நில்லாமல், தளத்துக்கு ஒருமுறை வந்து போனவர்களை, அவர்கள் போகிற மற்ற தளங்களிலும் துரத்திப் போய்த் திரும்பக் கூப்பிடும் விளம்பரத்துக்கு வாசகமும் எழுதிக் கொடுத்தான். 'உங்க தலை அளவு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. மறுபடி எப்போ வர்றீங்க?' எழுதிவிட்டுத் தானே இரண்டு முறை சிரித்துக்கொண்டான். ஏஜென்சிக்காரர் "செம சார்" என்று சொன்னபோது, அவன் வாழ்க்கையில் நேரான பதில் கிடைத்த அபூர்வமான தருணம் அது என்றுகூட நினைத்தான்.

விளம்பரம் ஓடியது. இந்த முறை கோடு நியாயமாகவே ஏறியது. கொஞ்சம் பேர் வரவும் செய்தார்கள். மாமா மறுபடி அச்செடுத்தார், ஆனால் சுவரில் ஒட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சூடு கண்டவர்.

ஒருநாள் காலை, கடை திறந்த கையோடு போன் வந்தது. ரொம்ப நாளாக அக்காவிடம் வருகிற பெண்மணி. வங்கியில் கவுண்டரில் இருப்பவர். அக்கா ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் சின்னக் கடை. எதிர்முனையின் குரல் பொம்மைத் தலைகள் வரைக்கும் கேட்டது.

புது விக்குக்காகத் தளத்தில் ஃபார்ம் எழுதியிருக்கிறார். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, தன் கம்ப்யூட்டரைப் பெரிய திரையில் காட்டி ஏதோ விளக்கியிருக்கிறார். ஒரு பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் பெரிதாக, 'உங்க தலை அளவு எங்ககிட்ட பத்திரமா இருக்கு.' அடுத்த பக்கத்தைத் திறந்தார். அங்கேயும். அதற்கடுத்ததிலும்.

"என்கூட தினம் உக்காந்து சாப்பிடறவங்களுக்கே தெரியாதுங்க. ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் கீழ குனிஞ்சுட்டாங்க. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க."

அக்கா "மன்னிச்சிடுங்கம்மா" என்று சொன்னாள். அந்தப் பக்கம் வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

பம்பரம் நாற்காலியில் இருந்தான். தன் வாசகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தான். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"நம்ம கடைக்கு ஒரே ஒரு பழக்கம்தான்டா உண்டு" என்றாள் அக்கா. "தெருவுல பார்த்தா நாம யாருன்னு தெரியாத மாதிரி போகணும். அவங்களா சிரிச்சாத்தான் நாம சிரிக்கணும். அவங்களா பேசினாத்தான் பேசணும். ஒருதடவ ஒரு பொண்ணோட கல்யாணத்துக்கே போயிருந்தேன், மாப்பிள்ளை வீட்டு வழில. மேடையில ஏறி பரிசு குடுத்துட்டு, முன்னப்பின்ன பார்த்தே இல்லாத மாதிரி எறங்கி வந்தேன். அவ தலையில இருந்தது நான் மூணு மாசம் கோத்தது."

"தெரியும்க்கா."

"நீ என்னன்னா, அவங்க ஆபீஸுக்குள்ளயே போயி தோள்ல தட்டி, எப்போ வர்றீங்கன்னு கேட்டிருக்க."

அவள் குரலில் கோபம் இல்லை. வழக்கமாக அவனைக் கிண்டல் செய்கிற அதே தொனிதான். அதுதான் உள்ளே போய்த் தைத்தது.

பம்பரம் அன்று செய்த காரியத்தில் அவசரம் கொஞ்சமும் இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, டிராக்கரைத் தேடி எடுத்து, எடுத்த இடத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். துரத்துகிற விளம்பரத்தை அடியோடு நிறுத்தினான். முகப்புப் பக்கத்தில் மட்டும் தானே எழுதிய ஒரு சின்னக் கணக்கு. எந்த விளம்பரத்திலிருந்து எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று தலையை எண்ணும், எந்தத் தலை என்று கேட்காது. ஃபார்ம் பக்கத்தில் ஒன்றுமே வைக்கவில்லை. 'இங்கே எழுதுவதை விக் செய்கிறவர் மட்டும்தான் படிப்பார்' என்று ஒரு வரி போட்டான். அதில் ஜோக் எதுவும் இல்லை. போட்டுவிட்டு, ஜோக் இல்லாத ஒரு வரியைத் தன்னால் எழுத முடிகிறதே என்று வியந்துகொண்டான்.

காபி ஆறுவதற்குள் ஏஜென்சிக்காரர் போன்.

"சார், உங்க பக்கத்துல இருந்து சிக்னல் நின்னுபோச்சே. ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை இல்ல. நான்தான் பிடுங்கிட்டேன்."

"தெரியாம கை பட்டுடுச்சா சார்?"

"தெரிஞ்சேதான். போன தடவதான் தெரியாம."

"சார், டிராக்கர் இல்லாம விளம்பரம் போடறது கண்ணக் கட்டிட்டு வண்டி ஓட்டற மாதிரி."

"எங்க கடைக்கு வர்றவங்க வண்டி முன்னாடி நடந்து போறவங்க சார். அவங்களுக்கு நீங்க கண்ணத் தொறந்துட்டு ஏத்தினாலும் ஒண்ணுதான். சரி, நான் அன்னிக்குக் கேட்டது. அந்த டிக் உங்களுக்கு வந்துச்சா, வரலையா?"

"நல்ல கேள்வி சார். அது நீங்க எந்த அர்த்தத்துல கேக்கறீங்கங்கறதப் பொறுத்தது."

"வருதாங்கற அர்த்தத்துல."

"நான் டீம்கிட்ட பேசிட்டு உங்களுக்கு மெயில் போடச் சொல்றேன் சார்."

மெயில் வந்தது. மூன்று பக்கம். அதில் 'நம்பிக்கை' என்ற சொல் இருந்தது, 'பாதுகாப்பு' இருந்தது, 'உங்கள் வெற்றியே எங்கள் வெற்றி' இருந்தது. டிக் இல்லை. பம்பரம் தானே கண்டுபிடித்துவிடலாம் என்று, டிராக்கர் அனுப்பியதன் பழைய பதிவை எடுத்து விரித்துப் பார்த்தான். பூனை கீபோர்டில் நடந்துபோன மாதிரி எழுத்தும் எண்ணுமாக நீண்டுகொண்டே போனது. அதற்குள் ஒரு பெண்மணியின் டிக் இருக்கிறதா, வெறும் பூனைதானா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. ஏஜென்சிக்காரர் அவரிடமும் பேசியிருந்தார்.

"யாரைக் கேட்டுடா எடுத்த?"

"யாரையும் கேக்கல மாமா."

"வாடகை கட்டறது யாரு, நீயா? ஒரு மாசமாத்தான் கடைக்குள்ள ஆள் நடமாட்டமே தெரியுது. அதையும் நிறுத்திட்டு வந்து நிக்கற. வெள்ளிக்கிழமை அவர் ஒப்பந்தத்தோட வர்றார். நான் கையெழுத்துப் போடப் போறேன். மறுபடி எல்லாப் பக்கத்துலயும் அது வந்தாகணும்."

"அப்போ வெப்சைட் பாஸ்வேர்டையும் அவர்கிட்டயே குடுத்துடுங்க. என் கையால அந்த ஃபார்ம்ல அத ஒட்டமாட்டேன். நான் கெளம்பறேன்."

"எங்க கெளம்புவ? மாடிக்கா?"

பம்பரம் குடியிருந்தது கடைக்கு மேலே இருந்த அறையில். அந்த உண்மை அவன் வீராப்பில் ஒரு சின்ன ஓட்டையைப் போட்டது. ஆனாலும் விடவில்லை.

"மாடியையும் காலி பண்ணிடறேன்."

"என்னங்க, அவன் சொல்றதுல..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"நீ சொல்லு. நீ என்ன சொல்ற? கடை உன் பேர்லயும்தான் இருக்கு."

அக்கா கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். "துரத்தறது வேணாம். அது எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா கடையே மூடிப்போச்சுன்னா, வர்றவங்க எங்க போவாங்க? எல்லாத்தையும் எடுத்துட்டா யாருமே வரமாட்டாங்கன்னு மாமா சொல்றார். எனக்கும் ஒண்ணும் வெளங்கலடா."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சு தணிந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் பம்பரத்தின் பெரிய தலைவலி. கெட்டவராக இருந்தால் எதிர்ப்பது எவ்வளவு சுலபம்.

"இங்க பாரு மச்சான். துரத்தற விளம்பரத்த நிறுத்திடலாம்னு அவரே ஒத்துக்கிட்டார். மிச்சம் வெறும் எண்ணறதுதான். அந்த டிக்கெல்லாம் எங்கயும் போகாது, உங்க மச்சான் சும்மா பயப்படறார்னு சொன்னார்."

"போகாதுன்னு சொன்னாரா? அந்த வார்த்தையவே சொன்னாரா?"

மாமா யோசித்தார். "அந்த மாதிரிதான் சொன்னார்."

"என்கிட்டயும் அந்த மாதிரிதான் சொல்லிட்டு இருக்கார்."

"சரி. நியாயமாப் பேசுவோம். அந்த டிக் அவங்களுக்குப் போகும்னு தெரிஞ்சா நான் பேனாவ மூடி பைல வச்சுக்கறேன். ஒப்பந்தமும் வேணாம், ஏஜென்சியும் வேணாம், நீயே உன் தலை எண்ணிக்கைய வச்சுக்க. ஆனா நீ போகுமோ போகுமோன்னா பத்தாது. பெருக்கல் குறியில ஒட்டினவன் நீ. உன் 'மோ'வ நம்பி நான் கடைய நடத்த முடியாது."

பம்பரம் மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் கடையில் வேறு ஒரு கூத்து நடந்தது. டிராக்கர் இல்லாமலும் எண்ண முடியும் என்று மாமாவுக்குக் காட்ட, வருகிறவர்களிடம் வாயைத் திறந்து கேட்டுவிடுவது என்று பம்பரம் முடிவு செய்தான். எங்களைப் பற்றி எப்படித் தெரியும்? இதைவிட எளிய கேள்வி உலகத்தில் உண்டா?

"சும்மா, தெரியும்" என்றார் ஒருவர்.

"ஒருத்தங்க சொன்னாங்க" என்றார் இன்னொருவர். யாரு என்றதற்கு, "ஒருத்தங்க" என்றார்.

ஒரு பெரியவர், தான் பக்கத்துக் கடைக்கு வந்ததாகவும் படி மாறி ஏறிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு நரைத்த விக்கைத் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு அம்மா, தனக்கில்லை, தங்கைக்கு என்றார். தங்கை தலை எவ்வளவு பெரிது என்று அக்கா கேட்டபோது, என் தலை மாதிரியேதான் என்று கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அக்கா மறுபேச்சு இல்லாமல் தங்கைக்கு அளவெடுத்தாள்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்தியா? மனுஷன் வாய் மழுப்பும். கம்ப்யூட்டர் மழுப்பாது."

"மழுப்பட்டும் மாமா. மழுப்பறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்குத்தானே 'சொல்ல விருப்பமில்லை'ன்னு அக்கா ஒரு கட்டமே போட்டிருக்கு. அந்தக் கட்டத்துல டிக் பண்ணினதையும் ஒருத்தன் எடுத்துட்டுப் போனா, அப்புறம் எங்கதான் மழுப்புவாங்க?"

மாமா கட்டியிருந்த கையை மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏஜென்சிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். முன்னறையின் சோபாவில் உட்கார்ந்து ஒப்பந்தத்தைக் குட்டி மேஜையில் விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டி வைத்தார். மாமா படிக்க ஆரம்பித்தார். அவர் எதையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்; இன்ஷூரன்ஸ்காரர். பம்பரம் மூலையில் நின்றான். மாடியில் அவன் பெட்டி பாதி கட்டிய நிலையில் இருந்தது. மீதிப் பாதியைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் போடுகிற மஞ்சள் மேல்சட்டை, முழங்கால்வரை சிமெண்டுத் தூசி. கிரேன் ஓட்டுகிறவர் என்று மார்பில் குத்தியிருந்த அட்டை சொன்னது. அக்கா உள்ளே ஒருவருக்கு விக்கைத் திருத்திக்கொண்டிருந்தாள், கொஞ்சம் உட்காரச் சொன்னாள். அந்தப் பெண் சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்து, புழுக்கம் தாங்காமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலையில் ஒரு முடிகூட இல்லை. புருவமும் இல்லை.

ஏஜென்சிக்காரர் அவசரமாகச் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

பம்பரம் பழக்க தோஷத்தில் கேட்டான். "எங்களப் பத்தி எப்படித் தெரியும்னு சொல்ல முடியுமாங்க? இஷ்டமிருந்தா மட்டும்."

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும் தம்பி. உங்க ஃபார்ம் இருக்கில்ல, அத நேத்து பாதி எழுதிட்டு விட்டுட்டேன். எதுக்கு வேணும்னு ஒரு கட்டம் வருதே, அது யாருக்குப் போகும்? விக் செய்யறவங்க மட்டும் படிப்பாங்கன்னு போட்டிருக்கு. நெசமா?"

"நெசம்தாங்க. எங்க அக்கா மட்டும்தான் படிக்கும்." பம்பரம் மேஜையைப் பார்த்தான். "இன்னிக்கு வரைக்கும்."

"இன்னிக்கு வரைக்கும்னா?"

மாமா ஒரு பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் பழைய பக்கத்துக்கே வந்தார்.

"இல்ல, ஏன் கேக்கறேன்னா," என்றார் கிரேன் ஓட்டுகிறவர், "போன வாரம் வேற ஒரு கடை வெப்சைட்ல இதே மாதிரி எழுதினேன். சிகிச்சைன்னு ஒரு எடத்துல டிக் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வீட்டுல அம்மா டிவி பார்த்துட்டு இருக்காங்க. டிவில என் அக்கவுண்டுதான். தொடருக்கு நடுவுல விளம்பரம் வருது. சிகிச்சை எடுப்பவர்களுக்கு மென்மையான விக். அப்புறம் ஆஸ்பத்திரி விளம்பரம். அப்புறம் மறுபடியும் விக். அம்மா என்னத் திரும்பிப் பார்த்தாங்க." அவர் தொப்பியின் விளிம்பைத் தேய்த்துவிட்டார். "வேலையில உஷ்ணம் ஜாஸ்தி, பேன் வேற, அதான் மொட்டை போட்டுட்டேன்னு சொல்லி வச்சிருந்தேன். எப்படிச் சொல்லலாம்னு நானே யோசிச்சுட்டு இருந்தேன். நல்ல நாளாப் பார்த்து, அவங்க சாப்பிட்டப்புறம் பக்கத்துல உக்காந்து. எனக்கு முன்னாடி டிவி சொல்லிடுச்சு."

உள்ளே அக்காவின் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று பம்பரம் கவனிக்கவில்லை.

"அது எங்க கம்பெனி இல்லைங்க" என்றார் ஏஜென்சிக்காரர், மெதுவாக.

"நீங்கன்னு நான் சொல்லலையே. நீங்க யாரு?"

மாமா பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். முனை மஞ்சள் துண்டுக்கு மேலே நின்றது. போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பம்பரம் மூலையிலிருந்து வந்து ஏஜென்சிக்காரருக்கு நேர் எதிரே, குட்டி மேஜைக்கு இந்தப் பக்கம், முக்காலியில் உட்கார்ந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவர் சட்டையிலும் ஒரு கசங்கல் இருந்தது தெரிந்தது.

"சார், நான் சண்டைக்கு வரல. நீங்க உங்க வேலையத்தான் பாக்கறீங்க, அதுவும் எனக்குத் தெரியும். நாலாவது தடவையாவோ அஞ்சாவது தடவையாவோ கேக்கறேன். நீங்க வைக்கச் சொல்றத நாங்க அந்த ஃபார்ம்ல வச்சா, இவங்க எந்தக் கட்டத்துல டிக் போடறாங்கங்கறது உங்களுக்கு வருமா, வராதா?"

"நல்ல கேள்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"கேள்வி நல்லாருக்கறது இருக்கட்டும்" என்றார் கிரேன் ஓட்டுகிறவர். கோபமாகச் சொல்லவில்லை, மேலே கூண்டில் உட்கார்ந்து கீழே நிற்பவருக்குச் சைகை கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னார். "அவர் கேக்கறார்ல. சொல்லுங்களேன்."

ஏஜென்சிக்காரர் முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். தலையையும் பார்த்தார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் வாயிலேயே வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டார்.

"வரும்" என்றார் பம்பரத்திடம். "எதுல டிக் போட்டாங்கங்கறது வரும். யோசிச்சுட்டு அத எடுத்துட்டு வேற ஒண்ணுல போட்டாங்கன்னா, அதுவும் வரும்."